பாதி ராவிய சாவி

அரம் வழுக்கி ஆதிகேசவனின் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி ராவினான்.

“இன்னும் எவ்ளோ நேரம்யா?” சந்தியாகு கத்தினான். பியட் காரின் பின் சீட்டில், அவன் மடியில் தலைவைத்து அவன் மனைவி ஜெசிந்தா கிடந்தாள். இமைகள் பாதி இறங்கியிருந்தன. வாயைத் திறக்க முடியவில்லை. கீல் இறுகிப்போன கதவு மாதிரி தாடை கிட்டித்துவிட்டிருந்தது.

“அரை மணி.”

“வந்ததுலருந்து அதையேதான சொல்லிகினுகீற!”

ஆதிகேசவன் சின்ன வைஸின் இடுக்கில் இறுக்கியிருந்த சாவியின் மேல் குனிந்துகொண்டான்.

பழவேற்காடு படகுத்துறையில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கார் இறால் வியாபாரி இனாயத்துல்லாவுடையது. காலையில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய்த் திரும்பியவர், இடுப்பளவுத் தண்ணீரில் படகைவிட்டு இறங்கியபோது பெல்ட்டில் செருகியிருந்த சாவி ஏரிக்குள் நழுவிவிட்டது. ஏரிச் சேறு வாங்கியதைத் திருப்பித் தராது. நல்லவேளையாக, பொன்னேரி சாவிக்காரன் ஆதிகேசவன் காட்டூரில் ஒரு வீட்டுக்குப் பீரோ சாவி செய்ய வந்திருந்தான். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். சைக்கிள், கேரியரில் மரப்பெட்டி, ஒரு பெரிய சாவிக்கொத்து, சாவிக்குப் புகை காட்ட ஒரு சிம்னி விளக்கு. அவன் கடை அவ்வளவுதான்.

அவன் வேலையை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில்தான் அக்கரையிலிருந்து சந்தியாகுவின் படகு வந்தது.

“கெளுத்தி முள்ளுனு நெனைச்சுட்டா மொதலாளி,” என்று அழுதான் சந்தியாகு. “காலையில வலை பிரிச்சிகினு இருந்தா. சுருக்குனு ஒண்ணு. வலியே இல்லைனு கஞ்சி குடிச்சுட்டு மறுபடி வலைக்குப் போயிட்டா. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வலைக்கு அடியில பாம்பைப் பாத்தாங்க. கடல் பாம்பு. வால் துடுப்பு மாதிரி தட்டையா...”

கெளுத்தி மீன் குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். கடல் பாம்பு கடித்தால் வலிக்காது. வலையில் கைவிடுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் வலிக்காததைப் பார்த்துப் பயப்பட யாருக்கு நேரம் இருக்கிறது?

உள்ளூர் டாக்டர் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு. மூச்சு நிக்கறதுக்குள்ள. இப்பவே,” என்றார். பஸ் போய்க் கால் மணி ஆகியிருந்தது. அடுத்தது இரண்டரைக்கு. ஊரிலிருந்த இன்னொரு கார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

மிச்சம் இந்தக் கார். சொந்த ஊர் என்பதால் இனாயத்துல்லா கதவைப் பூட்டியிருக்கவில்லை. ஆனால் சாவி இல்லாததால் ஸ்டியரிங் பூட்டிக்கிடந்தது. கதவுக்கும் அதற்கும் ஒரே சாவிதான்.

“வயரை இணைச்சு ஸ்டார்ட் பண்ணேன்யா,” என்றார் இனாயத்துல்லா.

“இன்ஜின் ஓடும் பாய். ஸ்டியரிங் திரும்பாது. வண்டி நேராத்தான் போவும்.”

நேரே ஏரி இருந்தது.

“பூட்டை உடைச்சா?”

“உள்ளார எஃகுக் கட்டை. உடைக்கறதுக்குள்ள சாவியே ராவிடலாம்.”

“அப்போ ராவேண்டா!” ஜெசிந்தாவோடு படகில் வந்த பக்கத்து வீட்டுச் சூசையம்மாள் பாய்ந்தாள். “சாவி ராவுறியா, சந்தனம் அரைக்கிறியா?”

ஆதிகேசவன் சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினான். காருக்குள் குனிந்து பூட்டில் விட்டு மெல்ல அசைத்தான். வெளியே எடுத்து வெயிலில் பார்த்தான். புகை உரசிப்போன இடத்தில்தான் பல் வெட்ட வேண்டும். அவன் ராவிய இடம் தப்பியிருந்தது. குறட்டால் சாவியை இரண்டாக ஒடித்து, துண்டுகளை இனாயத்துல்லாவின் உள்ளங்கையில் வைத்தான். புதிதாக ஒன்றை எடுத்துப் புகை காட்டி, பூட்டில் அசைத்துப் பார்த்து, வைஸில் மாட்டினான்.

“இந்த நேரத்துல இது வேறயா!” என்றாள் சூசையம்மாள்.

“அது அவன் தொழில் ஒழுங்கும்மா,” என்றார் இனாயத்துல்லா. “கெட்டுப்போன சாவியைக்கூட வச்சுக்க மாட்டான். போன வருஷம் ரெண்டாவது சாவி செஞ்சப்பவும் இப்படித்தான், ஒண்ணை ஒடிச்சு என் கையில குடுத்தான். ஆளு சுத்தம்.”

ஆதிகேசவனின் காது மடல் சிவந்தது.

“அந்த ரெண்டாவது சாவி எங்க?” என்று கேட்டாள் சூசையம்மாள்.

சந்தியாகுதான் சொன்னான், தலையைத் தூக்காமல். “பொன்னேரி ஸ்டேஷன்ல. கேஸ் சாமானோட.”

எட்டு மாதத்துக்கு முந்தைய கதை அது. அப்போது சந்தியாகு இந்தக் காருக்கு டிரைவர். இனாயத்துல்லா தன் மகள் லத்தீபாவின் கல்யாணத்துக்குச் செய்த நெக்லஸை வாங்கிச் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, பொன்னேரிப் பள்ளிவாசலில் ஜும்மா தொழப் போனார். சந்தியாகு காரைப் பூட்டிவிட்டு டீக்கடைக்குப் போனான். திரும்பி வந்தால் நெக்லஸ் இல்லை. கண்ணாடி உடையவில்லை. பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி இரண்டே பேரிடம்தான். ஒருவர் பள்ளிவாசலுக்குள் இருந்தார்.

மற்றவனை நான்கு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் வெளியே வந்தபோது சந்தியாகுவுக்கு இடது காது கேட்கவில்லை. வேலையும் இல்லை.

“நல்லாக் கேட்டுக்கோ பாய்,” சூசையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “டிரைவர் பொண்டாட்டியா ஊட்டுல குந்தினு இருந்த பொண்ணு இவ. எவனும் இவனுக்கு வேலை குடுக்கலை. திருட்டுப்பய பொண்டாட்டினு சொல்லிச் சொல்லியே கூலிக்கு வலை பிரிக்க வச்சாங்க. பாம்பு சும்மா வந்து கடிச்சுட்டுப் போச்சு. அது வாயில கொண்டுபோய் இவ கையை வச்சது உன் நெக்லஸ்தான்!”

அரம் நின்றது.

இனாயத்துல்லா ஏரியைப் பார்த்தார். “எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?” என்று முணுமுணுத்தார். “சாவி ரெண்டுதாம்மா. நான் யாரை நெனைக்கறது?”

“யக்கா, விடு,” என்றான் சந்தியாகு. “இப்ப அதுவா முக்கியம்? சாவிக்காரண்ணே, உன் காலைப் பிடிக்கறேன்...”

அண்ணே என்ற சொல்லுக்கு ஆதிகேசவன் நிமிர்ந்தான். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தான். இடது காதை முன்னால் திருப்பாமல், வலது காதைத் திருப்பிப் பதிலுக்குக் காத்திருந்த முகம்.

“முடிஞ்சிடும்,” என்றான் ஆதிகேசவன். மறுபடி ராவினான். அரம் தடுமாறியது. கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. சுட்டது போல் திரும்பி வந்தது.

அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. காலி மண்ணெண்ணெய் டின்னில் கடைசிச் சொட்டைக் குழாய் உறிஞ்சுவது போல. ஜெசிந்தாவின் மூச்சு.

“ஜெசி! ஏய், ஜெசி! கண்ணைத் தொற!”

அவள் கண் திறக்கவில்லை. ஒரு விரல் மட்டும் சந்தியாகுவின் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. அதுவும் மெல்ல நழுவியது.

சூசையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆதிகேசவன் வைஸைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்தான். “எல்லாரும் தள்ளுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.” முன் சீட்டில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தான். அப்படியே இருந்தான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. எவ்வளவு நேரம்தான் ஒருவன் ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

க்ளிக்.

ஸ்டியரிங் அசைந்தது. இன்ஜின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.

“அல்லா!” என்றார் இனாயத்துல்லா. சூசையம்மாள் பின் சீட்டுக்குள் பாய்ந்து ஜெசிந்தாவின் தலையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். சந்தியாகு இறங்கி முன்னால் ஓடிவந்தான். கதவருகே வந்தவன் சட்டென்று நின்றான்.

“மொதலாளி... இந்த வண்டியைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சொன்னீங்க.”

“நான் ஓட்டினா சாயங்காலம்தான் மெட்ராஸ் போய்ச் சேரும். ஏறுடா!” இனாயத்துல்லாவின் கண் கலங்கியிருந்தது. “உன் வண்டினு நெனைச்சு ஓட்டு. போ!”

ஆதிகேசவன் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினான். சந்தியாகு கியரைத் தள்ளினான். கருவாடு காயப்போட்டிருந்த பாய்களுக்கு நடுவே, ஒரு பாயின் ஓரம்கூடப் படாமல் வளைத்துத் திருப்பினான். பொன்னேரி ரோட்டில் புழுதி எழுந்தது. ஹாரன் சத்தம் தேய்ந்துகொண்டே போய், நின்றது.

துறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

“பொழைச்சுப்பாளா?”

“தெரியலை பாய்.”

இனாயத்துல்லா சட்டைப் பையில் கைவிட்டார். “கூலி எவ்ளோனு சொல்லு. இன்னிக்கு நீ கேக்கறதைக் குடுக்கறேன்.”

“வேணாம்.”

“ஏன்யா?”

ஆதிகேசவன் சைக்கிளைப் பார்த்தான். ஸ்டாண்டை ஒரு உதை விட்டால் போதும். போகவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டான்.

இனாயத்துல்லாவுக்குப் புரியவில்லை. பெட்டியை மூடி அவன் கையில் கொடுக்கலாம் என்று குனிந்தார். பெட்டிமேல் வைஸ் இருந்தது. அதில் சாவி இருந்தது. புகைக் கறுப்போடு, ரத்தக் கறையோடு. இரண்டே பல்தான் வெட்டியிருந்தது. மூன்றாவதில் அரம் லேசாகத் தொட்டு நின்றிருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தார்.

“ஆதிகேசவா,” என்றார் மெல்ல. “இது பாதிதான ராவியிருக்கு. அப்போ வண்டியில போறது இன்னா சாவி?”

ஆதிகேசவன் கிழிந்த கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“போன வருஷம் ஒண்ணை உங்க கையில குடுத்தேன். இன்னொண்ணை உங்க கண்ணு முன்னாடி ஒடிச்சேன். ஆனா அன்னிக்கு நான் ராவினது மூணு பாய். பொன்னேரி பள்ளிவாசல்கிட்ட உங்க கார் கதவைத் தொறந்தது அந்த மூணாவதுதான்.”