வெடிக்கு முன்னால ஒரு ஓம்

கனகலிங்கத்தார் வவுனியாவுக்குப் போய் அந்தச் சைரனை வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருடைய குவாரியில் வேலைசெய்கிற சுதாஜினிக்கு அந்த மனுசனோடு முகம்கொடுத்துக் கதைக்கவே பிடிக்கவில்லை. அவரோ சிவப்புப் பெட்டியை அலுவலக மேசையில் வைத்து, ஒருவரையும் கிட்ட விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கல்லுக் குவாரி ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்குப் போகிற கிரவல் ரோட்டில், காட்டோரம் இருக்கிறது. பாலம் கட்டுகிற கொம்பனி ஒன்று அவரிடம் கல் எடுத்துக்கொண்டிருந்தது. இனிமேல் சேட்டிபிக்கற் உள்ள குவாரியில்தான் எடுப்போம் என்று அது திடீரென்று சொல்லிவிட்டது. ஊர்ச்சனத்துக்கும் வேலையாட்களுக்கும் காட்டுக்கும் கெடுதல் செய்யாமல் கல் உடைக்கிறார்களா என்று கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்த்துக் கொடுக்கிற சேட்டிபிக்கற். அது கிடைக்காவிட்டால் குவாரியை இழுத்து மூடவேண்டியதுதான். ஊரில் பாதி வீட்டு அடுப்பு அந்தக் கல்லை நம்பித்தான் எரிகிறது.

மனுசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல் எடுத்து முடிந்த பழைய கிடங்குக் குழியைச் சுற்றி வேலி அடித்தார். தூசு கிளம்பாமல் கல் நொறுக்குகிற கிரஷருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்தார். இதையெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சைரன் விசயத்தில் மட்டும் மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஏனென்றால் அந்தக் குவாரியில் சைரனுக்கு வேலையே இல்லை. அங்கே வெடிக்கு முன்னால் வீடுவீடாகச் சம்மதம் கேட்டு ஓம் வாங்குவதுதான் வழக்கம், வாங்குகிறவள் சுதாஜினி. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நிற்பாள். "இன்னும் கொஞ்ச நேரத்தில வெடி" என்பாள். சொல்லிவிட்டு ஓடமாட்டாள். வீட்டுக்காரர் "ஓம்" என்று சொல்லும்வரை நிற்பாள். ஒருவர் மாட்டை அவிழ்த்துக் கொட்டிலுக்குள் கட்டுவார், ஒருத்தி நித்திரைப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுவாள். கடைசி வீட்டு ஓமும் கிடைத்து அவள் திரும்பி வந்தால்தான் குவாரியில் சிவப்புக் கொடி ஏறும்.

இந்த வழக்கத்தை ஒருவரும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை. முதலில் அவள் தன் தம்பி செந்தூரனுக்குச் சொல்லத்தான் ஓடிப்போவாள். சண்டையின் கடைசி மாதங்களில் அவன் சின்னப் பெடியன். பங்கருக்குள் அவனுக்குப் பக்கத்தில்தான் தாயும் தகப்பனும் செத்துப்போனார்கள். இப்போது வளர்ந்த ஆம்பிளை, நல்லாய்த் தோட்டம் செய்கிறான். ஆனால் எதிர்பாராமல் ஒரு சத்தம் கேட்டால் கால் தன்பாட்டில் காட்டுக்குள் ஓடிவிடும். ஒருமுறை லொறி ரயர் வெடித்ததற்கு ஓடினவனை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். யானை போன தடத்துக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தான். முன்கூட்டியே சொன்னால் ஒன்றுமில்லை. றேடியோவைப் பெரிதாக வைத்துவிட்டு இருப்பான், வெடி முடிந்ததும் குறைப்பான். வழியிலிருந்த வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போவன் பிள்ளை" என்றார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது.

"அப்ப நான் இனி வீடுகளுக்குப் போறேல்லையோ அண்ணை?" என்று சுதாஜினி கேட்டாள்.

"படிச்ச ஆக்கள் வருகினம் பிள்ளை," என்றார் கனகலிங்கத்தார். "அவைக்கு முன்னால ஸ்கூட்டியில ஒரு பொம்பிளையை அனுப்பி, வெடி வைக்கப்போறம் மாட்டைக் கட்டுங்கோ எண்டு சொல்லிவிட்டா என்ன நினைப்பினம்? வெறும் நாட்டுப்புறம் எண்டெல்லோ நினைப்பினம். அந்தக் கதையே அவையிட்ட எடுக்காதை."

"சைரன் அடிச்சா தம்பி பயந்துபோவான்."

"ஆர் அடிக்கப்போறது? அண்டைக்கு வெடியே இல்லை. அது சுவரில சும்மா தொங்கும், அவை பாத்து எழுதிக்கொண்டு போவினம். நீ தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில நிண்டாப் போதும்."

அதை நம்பித்தான் அன்று காலையில் அவள் செந்தூரனிடம், "இண்டைக்கு வெடி இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் "ஓம்" என்றான். அக்கா சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

பரிசோதிக்க வந்தவர் றம்லா என்கிற பெண். முல்லைத்தீவுதான் பூர்வீகம், வளர்ந்தது புத்தளத்தில். கொழும்புக்காரி என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு அவர் தமிழில் கதைத்ததே பெரிய ஆறுதல். கனகலிங்கத்தாரை அலுவலகத்தில் இருக்கச் சொல்லிவிட்டு வேலையாட்களோடு தனியாகக் கதைத்தார். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பார்த்தார். கிடங்கு வேலியை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகக் கேட்டார். "வெடிக்கு முன்னால ஊருக்கு எப்பிடி அறிவிக்கிறனீங்கள்?"

அந்தக் கேள்விக்குத்தான் கனகலிங்கத்தார் காத்துக்கொண்டிருந்தார். "சைரன் இருக்கு மிஸ்," என்றார். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. றம்லா சைரனை அண்ணாந்து பார்த்த பார்வையில் மனுசனுக்குச் சந்தோசப் புளுகம் பிடித்துவிட்டது. "போட்டுக் காட்டுறன், கேளுங்கோ."

"அண்ணை, வேண்டாம்" என்று சுதாஜினி சொல்வதற்குள் பொத்தானை அமத்திவிட்டார்.

வவுனியாவில் கடைக்காரன் அதை ஒரு கத்துக் கத்தவிட்டு நிறுத்தியிருக்கிறான். பஸ் இரைச்சலுக்குள் ஓட்டோ ஹோர்ன் போலத்தான் கேட்டிருக்கும். இங்கே அது அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, குண்டுபோட வருகிற கிபிர் விமானம் பனையளவுக்குத் தாழ்ந்து வருவதுபோல் இரைந்தது.

முதலில் விழுந்தது கனகலிங்கத்தார்தான். தேய்த்துப் போட்ட வெள்ளைச் சேட்டோடு குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார். கல் உடைத்தவர்கள் பாறைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். டிப்பர்க்காரன் டிப்பருக்குக் கீழே போய்விட்டான். நின்றது றம்லா மட்டும், புத்தளத்தில் வளர்ந்தவருக்குக் கிபிர்ச் சத்தம் பழக்கமில்லை. அவர்தான் எட்டிப் பொத்தானை அமத்தி நிறுத்தினார். பிறகு இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ நாள் சிரித்தார்கள். அந்த நேரம் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சுதாஜினி ஸ்கூட்டியை நோக்கி ஓடினாள். றம்லாவும் பின்னால் ஏறிக்கொண்டார்.

ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சனம் படுத்திருந்தது. "வெடி இல்லை, சைரன்தான், எழும்புங்கோ" என்று கத்திக்கொண்டே போனாள். அவளுடைய வீட்டுப் படலை ஆவென்று திறந்து கிடந்தது. குசினியில் சோறு பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. றேடியோ பேசாமல் இருந்தது. கொல்லைப்புறத்தில், காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், அவனுடைய செருப்பு ஒன்று தனியே கிடந்தது.

"நான்தான் மிஸ் அவனுக்கு வெடி இல்லையெண்டு சொன்னனான்," என்றாள். "என்ர வாயாலதான் சொன்னனான். என்னை நம்பித்தானே இருந்தவன்." அந்தக் காட்டில் அந்த வாரம்தான் யானை இறங்கியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதையால் நடந்தாள். கூப்பிட்டாள்.

அப்போதுதான் பின்பக்கம், ரோட்டு மதகுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "கையைக் கொஞ்சம் இளக்கிப் பிடியன் தம்பி, எலும்பு முறியப்போகுது."

பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரியின் குரல். முழங்கால் வருத்தத்தோடு தனியே இருக்கிற மனுசி. சுதாஜினி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். மதகுக் குழாய்க்குள் அவா இருந்தா. அவாவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, நடுங்கிக்கொண்டு, செந்தூரன் இருந்தான்.

"முத்தத்தில விழுந்துபோனன் பிள்ளை," என்றா ஜெகதீஸ்வரி. "இவன் காட்டுப் பக்கம்தான் ஓடினவன். என்ர சத்தம் கேட்டுத் திரும்பி வந்தவன். என்னைத் தூக்கிக்கொண்டு வந்து இதுக்குள்ள இருத்திப்போட்டு, பயப்பிடாதைங்கோ, அக்கா வந்து சொல்லுவா எண்டு எனக்குத் தைரியம் சொல்லுறான். தான் நடுங்கிற நடுக்கத்தைப் பாரன்."

"தம்பி, வெடி இல்லை," என்றாள் சுதாஜினி. "கிபிரும் இல்லை. கனகலிங்கம் அண்ணை வாங்கின சைரன். கேளாமல் அடிச்சுப்போட்டார்."

அவன் அவளைப் பார்த்தான். "நீ வந்து சொல்லேல்லை."

"ஓமடா, சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். ஒண்டுமில்லை, முடிஞ்சுது."

அவள் காத்திருந்தாள். கனநேரத்துக்குப் பிறகு அவன், "ஓம்" என்றான். சொல்லிவிட்டு ஜெகதீஸ்வரியின் கையை விட்டான். சுதாஜினி மதகடியிலேயே குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். போன உயிர் திரும்பி வந்தால் அழுகைதான் முதலில் வரும்போலும்.

"அந்த ஓம் எண்டது என்ன?" என்று றம்லா மெதுவாகக் கேட்டார்.

ஜெகதீஸ்வரி சேலையைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. "நாங்கள் ஓம் சொன்னாத்தான் மிஸ் அங்க வெடி. ஒருநாள் நான் குளிச்சுக்கொண்டு நிண்டன். தலை துவட்டி வந்து ஓம் சொல்லுமட்டும் இவள் படலையிலயே நிண்டவள். அங்க குவாரி முழுக்க எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டதாம்." அதைச் சொல்லும்போது அவாவுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

குவாரியில் கனகலிங்கத்தார் மண் படிந்த சேட்டோடு கதிரையில் இடிந்துபோய் இருந்தார். "எல்லாம் போச்சு மிஸ், எனக்குத் தெரியும்," என்றார். "இந்தச் சனத்தின்ர வயித்தெரிச்சலையும் கொட்டிக்கொண்டன்."

"சைரன் வேணும் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார் றம்லா.

அவர் சேட்டு மண்ணைத் தட்டினார். உண்மையில் ஒருவரும் சொல்லவில்லை.

"சனத்துக்கு ஏத்த விதமா முன்கூட்டிச் சொல்ல வேணும், அவை சொல்லுறதையும் கேக்க வேணும். எங்கட விதி அவ்வளவுதான். எல்லா இடத்திலயும் சைரனைக் காட்டுவினம், நானும் குறிச்சுக்கொண்டு வந்திடுவன். வீட்டுக்காரர் ஓம் சொல்லுமட்டும் வெடியை நிப்பாட்டி வைச்சிருக்கிற குவாரியை இண்டைக்குத்தான் காணுறன். நீங்கள் அதைப் போய் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்." பிறகு குறைகளையும் சொன்னார். கிரஷரில் நிற்பவர்களுக்குக் காதுமூடி வேண்டும். சைரனை இன்றைக்கே கழற்ற வேண்டும். வெடி வைக்கிற நாளில் தான் திரும்ப வந்து, சுதாஜினியோடு வீடுவீடாய்ப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று பின்னேரம் கனகலிங்கத்தார் தானே நடந்து எல்லா வீட்டுக்கும் போனார். "பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று படலையில் நின்று சொன்னார். செந்தூரன் அவரைக் கனநேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் ஓம் சொன்னான். அதற்கு சுதாஜினி உள்ளுக்குள் நல்லாய்ச் சந்தோசப்பட்டாள்.

றம்லா சொன்னபடி வந்தார், ஸ்கூட்டியில் ஏறிப் பார்த்தார், போனார். சேட்டிபிக்கற் ஒரு காலைநேரம் வந்தது. கனகலிங்கத்தார் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் கிரஷருக்கும் நடந்தார். குவாரி மூடாது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார். எப்படிச் சொல்வது என்று இந்தமுறை அவர் யோசிக்கவில்லை, சுதாஜினியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஸ்கூட்டியில் ஏறியிருந்தாள்.

ஒவ்வொரு படலையிலும் சொன்னாள், பழக்கதோசத்தில் ஓமுக்கும் நின்றாள். கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதுமே செந்தூரன் உள்ளே போய் றேடியோவைப் பெரிதாக வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றான்.

"இண்டைக்கும் வெடியோ அக்கா?"

"இல்லையடா. சேட்டிபிக்கற் கிடைச்சிட்டுது. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவன் "ஓம்," என்றான். பிறகு உள்ளே போய் றேடியோவைக் குறைத்தான்.