டில்ஷானியிடம் இருந்த மூன்றாவது குரல்

டில்ஷானிக்கு எட்டு வயது. தானாக ஒரு வசனம் அமைத்துப் பேசமாட்டாள். ஆனால் மற்றவர்கள் எப்போதோ சொன்னதை, சொன்னவரின் ராகம் மாறாமல் திருப்பிச் சொல்வாள். பசித்தால் "சாப்பிட வாங்க மகள்" என்பாள். அது தாய் டோரினின் இழுத்த குரல். வெளியே போகவேண்டுமென்றால் "செருப்பப் போடு, செருப்பப் போடு" என்பாள். அது தகப்பன் வின்சன்ற்றின் அவசரம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இப்படி எதிரொலிக்கும்போது என்ன சொல்ல வருகிறார்கள் என்பதைத்தான் தாரிகா உதவியாளராக இருந்த ஆய்வு தேடிக்கொண்டிருந்தது.

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலுள்ள டில்ஷானியின் வீட்டுக்குத் தாரிகா சனிக்கிழமைகளில் போய், பிள்ளை விளையாடும்போது ஒலிப்பதிவு செய்வாள். பிறகு வெள்ளவத்தையில் ஆய்வுக்காக எடுத்திருந்த மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எழுதுவாள். எதிரொலி என்றால் யாருடைய குரல், எந்த நேரத்தில் வந்தது என்று குறிப்பாள். பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது யன்னல் அதிரும். அப்போது மட்டும் பதிவை நிறுத்திவைப்பாள்.

ஒருநாள் அப்படி எழுதிக்கொண்டிருக்கையில் அவளுடைய கை நின்றுவிட்டது. சோடா மூடிகளை டில்ஷானி வரிசையாக அடுக்கும் சத்தம். அதற்கு நடுவே ஒரு தாழ்ந்த, அவசரமில்லாத குரல்.

"வாயப் பொத்து. பொத்தினாத்தான் லைட் போடுவன்."

பிள்ளைதான் பேசியிருந்தாள். ஆனால் அது டோரினும் இல்லை, தாரிகா அறிந்த வின்சன்ற்றும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். கோபம் இருந்திருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். பழகிப்போன ஒருவர், தினமும் செய்கிற வேலையைச் செய்வதுபோல அது இருந்தது. பட்டப்பகலில், கீழே காலிக்குப் போகும் பெரிய வீதியில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, அவள் எழுந்து அறை விளக்கைப் போட்டாள்.

பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டாள். இரண்டில் அது இருந்தது. சிரிப்புச் சத்தத்துக்குக் கீழே அமுங்கிக் கிடந்ததால் முன்பு தெளிவில்லை என்று விட்டிருந்தாள்.

ஆய்வை நடத்திய டொக்டர் அகீலாவிடம் அன்றைக்கே போட்டுக் காட்டினாள். அகீலா இன்னொரு தடவை போடச் சொன்னார். தொலைக்காட்சியில் கேட்டதாகவும் இருக்கலாம், நாடகங்களில் இதைவிட மோசமாகக் கத்துகிறார்கள் என்றார். ஆனால் அவரே அதை நம்பியதாகத் தெரியவில்லை. பிள்ளைக்குத் தீங்கு என்று தோன்றினால் அறிவித்தே ஆகவேண்டும் என்பது ஆய்வின் விதி. யாரிடம் என்பதுதான் சிக்கல். செய்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், பெற்றோரிடம் கேட்பது பிள்ளைக்கு இன்னும் ஆபத்து. தவறாக முறைப்பாடு செய்தால் ஒரு குடும்பம் சிதறிவிடும். திங்கட்கிழமை இருவருமாகச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் போவோம், அதுவரை தனியாக ஒன்றும் கேட்கவேண்டாம் என்று அகீலா சொன்னார்.

இடையில் சனிக்கிழமை வந்தது. போகாமல் விட்டால் சந்தேகப்படுவார்கள் என்று தாரிகா வழமைபோலப் போனாள். டோரின் இருப்பாள் என்ற தைரியம்தான். கதவைத் திறந்தது வின்சன்ற். டோரினைக் கொள்ளுப்பிட்டியில் அவள் வேலை செய்யும் கடைக்குத் திடீரென்று கூப்பிட்டுவிட்டார்களாம். துறைமுகத்தில் வேலை செய்யும் அவன் அதிகம் பேசாத, தோள் அகன்ற மனிதன். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி மேல் கொண்டியைப் போட்டான். பிள்ளை வீதிக்கு ஓடிவிடுவாள் என்பதற்காக எப்போதும் போடுவதுதான். ஆனாலும் அன்றைக்குத் தாரிகா திரும்பி அது தனக்கு எட்டுமா என்று பார்த்தாள்.

முன்னறைக்கு யன்னல் கிடையாது. பகலிலும் டியூப் லைட் எரியும். ரெக்கோடரை நிலத்தில் வைத்துவிட்டு டில்ஷானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

மூடிகள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கதவிடுக்கால் வந்த வெளிச்சத்தில் பிள்ளை தெரிந்தாள். சுவரோடு ஒட்டி விறைத்துப்போய், இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. "வாயப் பொத்து. பொத்தினாத்தான் லைட் போடுவன்."

வின்சன்ற் எழுந்தான். தாரிகாவும் எழுந்தாள். அவனுக்கும் பிள்ளைக்கும் நடுவே போய் நின்றாள். கொண்டி எட்டாத உயரத்தில் இருந்தது. கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா என்று மட்டும் நினைத்தாள்.

அவன் கிட்ட வரவில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலில் இருந்தான். போனில் வெளிச்சத்தைப் போட்டு நிலத்தில் பிள்ளையின் பக்கமாகத் தள்ளிவிட்டான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் வியர்த்திருந்தது.

"இத நீங்களும் கேட்டிருக்கிறீங்களா, தங்கச்சி?"

ஓம் என்று தலையாட்டினாள். ஒலிப்பதிவில் இருக்கிறது என்றாள். அவன் கேட்கவேண்டுமென்றான். தன் போனிலிருந்ததைப் போட்டாள். அவன் கடைசிவரை குனிந்தபடி கேட்டான்.

"நான் டோரின் எண்டுதான் நினைச்சன். வேலையால களைச்சு வாறவ, நான் இல்லாத நேரம் பிள்ளைய இருட்டில விடுறாவோ எண்டு. கேட்டா வீடு உடைஞ்சிடும். பயத்தில கேக்கல." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க என்னத்தானே நினைச்சீங்க?"

"ஓம்" என்றாள் தாரிகா.

அவன் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கொண்டியைக் கழற்றிக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, வாசற்படியில் காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தான். டில்ஷானி கைகளை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

டோரின் வந்ததும் அவளுக்கும் போட்டுக் காட்டினார்கள். அவள் பதிவைக் கேட்கவில்லை, புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழத்தொடங்கினாள். அவள் அவனைச் சந்தேகித்திருந்தாள். அதனால்தான் சில கிழமைகளாகப் பிள்ளைக்கும் அவனுக்கும் நடுவே, விளக்கை அணைக்காமல் படுத்தாள். புழுக்கம், பிள்ளை புரள்கிறாள் என்று அவனுக்குச் சாட்டுச் சொல்லியிருந்தாள். ஒரே கட்டிலில் இரண்டுபேரும் மற்றவரைப் பார்த்துப் பயந்தபடி கிடந்திருக்கிறார்கள்.

இவர்கள் இருவரும் இல்லையென்றால் அந்தக் குரல் யாருடையது என்று மூவரும் யோசித்தார்கள். டில்ஷானி இருக்கிற இடங்கள் மூன்றுதான். வீடு, மாதா கோயில், கிராண்ட்பாஸில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு நடந்த வகுப்பு. காலையில் வகுப்புக்கு ஏற்றிப்போகும் வான் வாசலில் வந்து ஹோர்ன் அடித்தால் அவள் நிலத்தில் படுத்துவிடுவாள். ஹோர்ன் சத்தம் பிடிக்கவில்லை என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு டோரின் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை, அதிகாரிகளிடம் போவதற்கு முன், பிள்ளையைத் தாயோடு வீட்டில் விட்டுவிட்டு வின்சன்ற்றும் தாரிகாவும் அகீலாவும் முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வகுப்புக்குப் போனார்கள். வகுப்பு இருந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் தாரிகா கடைசியாக நுழைந்தாள். தான் நினைத்தது பிழையாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்தாள். சரியாக இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பயந்தாள்.

கேற் சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. முன்னறையில் பிள்ளைகள் மேசைகளில் மிக அமைதியாக இருந்தார்கள். அவ்வளவு அமைதியாகப் பிள்ளைகள் இருந்து தாரிகா பார்த்ததில்லை. உட்பக்கம் குளியலறைக் கதவுக்கு வெளியே டீச்சர் ஒரு கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மற்றக் கை சுவரிலிருந்த சுவிச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. தலையை நிமிர்த்தாமலே, கதவுக்கு உள்ளே கேட்கும்படி அவர் அந்த வசனத்தைச் சொன்னார். ஏற்ற இறக்கம் ஒன்றுகூட மாறவில்லை.

வின்சன்ற் போய்க் கொண்டியைத் தட்டிவிட்டான். இருட்டுக்குள் ஈர நிலத்தில் ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. கதவு திறந்ததும் அது வெளியே வரவில்லை, இன்னும் உள்ளே நகர்ந்தது.

சத்தம் போடும் பிள்ளைகளை அமைதிப்படுத்தும் முறை இது, கொஞ்ச நேரம்தான், அடிப்பதில்லை என்று டீச்சர் நிதானமாக விளங்கப்படுத்தினார். அகீலா அங்கிருந்தே பொலிசுக்குப் போன் எடுத்தார். தாரிகா வாசலில் குந்தி, அந்தப் பிள்ளை தானாக வெளியே வரும்வரை காத்திருந்தாள். தொடவும் பயமாக இருந்தது, தொடாமல் விடவும் பயமாக இருந்தது.

வகுப்பு மூடப்பட்டது. விசாரணை இன்னும் நடக்கிறது. சில பெற்றோர் நன்றி சொன்னார்கள். சிலர் வின்சன்ற்றுக்கு எடுத்து ஏசினார்கள். இனிப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று கேட்டார்கள். டில்ஷானியோடு இருக்க டோரினும் கடை வேலையை விட்டிருந்தாள். இருட்டானால் டில்ஷானி இன்னும் வாயைப் பொத்துகிறாள், ஆனால் யாராவது மெதுவாகப் பெயர் சொன்னால் கையை எடுக்கிறாள்.

ஒரு பின்னேரம் தாரிகா எழுதிக்கொண்டிருக்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவள் தன் பெயர் யதுஷா என்றாள். குளியலறைக்குள் இருந்த பிள்ளையின் தாய். பிள்ளைகள் சொல்வதை வைத்தே கண்டுபிடித்தீர்களாமே என்று கேட்டாள்.

"என்ர பிள்ளை ஒண்டுமே சொல்லாது, மிஸ். ஒரு சொல்லும் வாறேல்லை. அதுக்கு அங்க இன்னும் என்னென்ன நடந்ததெண்டு நான் எப்பிடி அறியிறது?"

கோச்சி ஒன்று கடந்து போனது. தாரிகா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். தெரியவில்லை என்றாள். நாளைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று கேட்டாள்.