ஐஸ் மேல் விழுந்த பழி

திருமுருகனின் விரல்கள் முதன்முதலில் வெளுத்தது மீன் பெட்டியில் ஐஸ் அள்ளிப் போட்டபோதுதான். மூன்று விரல் நுனிகள் சுண்ணாம்பாக இருந்தன. மீன் விற்கும் அவன் மனைவி மங்கை பதறிப்போய் அவன் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனை ஐஸ் பக்கமே விடவில்லை. காசிமேட்டில் மீன் எடுப்பதும் காலடிப்பேட்டையில் விற்பதும் அவள் ஒருத்தியே. ஆனாலும் மரத்துப்போன விரல்களிலிருந்து டம்ளர் நழுவும்போதெல்லாம், தானே தட்டிவிட்டதுபோல் உள்ளுக்குள் குறுகிப்போவாள். தன் பிழைப்புதானே அவன் கையைத் தின்றது?

ஒரு சாயங்காலம், தான் வேலை செய்யும் விம்கோ நகர் இரும்பு வார்ப்புக் கம்பெனியிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு என்னோட கம்பெனிக்கு வாமே. புதுசா ஒரு சேப்டி மேடம் வந்துகீது. வெளிநாட்டுக்காரன் சரக்கு எடுக்கணும்னா தூசு, சத்தம், மிஷின் அதிர்வு அல்லாத்துக்கும் ஒரு அளவு கீதாம். உலகம் பூரா ஒரே அளவாம். அல்லார் கையையும் புட்ச்சிப் பாத்துச்சு."

"உன் கைய?"

"இரும்பு தேய்க்கிற கிரைண்டர் அதிர்வுலதான் போச்சுன்னுது. நான் ஐஸுன்னேன். நீ வந்து, எம் புருசன் டெய்லி ஐஸ் ஒடைக்கிறாருன்னு சொல்லிடு. இல்லாட்டி மிஷின்லேர்ந்து எறக்கிடுவாங்கோ, ஓவர்டைமும் பூடும்."

மங்கைக்கு முதலில் வந்தது நிம்மதி. தான் இல்லை. தன் ஐஸ் இல்லை. அடுத்த நொடியே அந்த நிம்மதி கூசியது. அதற்கும் அடியில் வேறொன்று முட்டியது.

"உனக்கு முன்னியே தெரியுமாய்யா?"

அவன் சுவரைப் பார்த்தான். "டவுட்டு கீந்துச்சு. நீ ஐஸத் திட்டிக்கினே இருந்தியா, அப்டியே வுட்டுட்டேன்."

ஒரு வருடம் சுமந்த குற்றத்தை இறக்கிவைத்த கையோடு, அதையே மறுபடி தூக்கச் சொல்கிறான். அவள் சோறு போட்டாள்.

மறுநாள் கம்பெனியில் அந்த மேடம், சினேகா, மங்கைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சின்னப் பெண்.

"அதிர்வுல பாதிச்ச விரல் குளிர் பட்டாத்தான் வெளுக்கும்கா. அதனால நிறைய பேர் குளிரைத்தான் காரணமா சொல்வாங்க. இப்பவே மிஷினை விட்டா இதோட நிக்கலாம். விடலைன்னா உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம். அண்ணன் தினமும் ஐஸ்ல வேலை செய்றாரா?"

திருமுருகன் மங்கையையே பார்த்தான். அவன் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அவள் நாக்கில் தயாராக இருந்தது. மேஜை மேல் அவன் கை, யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப்போலக் கிடந்தது.

"ஐஸத் தொட்டு ஒரு வருசம் ஆச்சும்மா. நான்தான் வுடல."

அவனை வார்ப்புகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், ஓவர்டைம் கிடையாது.

வெளியே வந்ததும் அவன் விடுவிடுவென முன்னால் நடந்தான். டீக்கடை அருகே நின்று திரும்பினான்.

"காட்டிக் குட்த்துட்ட இல்ல?"

"ஆமா."

"தோஸ்துங்கோ சிரிப்பானுங்கோ."

"சிரிக்கட்டும். அவனுங்க கை மட்டும் இன்னா இரும்பா?"

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். மேடத்தைப் பார்க்கவென்று போட்டு வந்த சட்டை கடற்காற்றில் படபடத்தது. மேல் பட்டனைப் போட முயன்றான். விரல்கள் வழுக்கின. மறுபடி முயன்றான், மறுபடியும் வழுக்கின. இத்தனை மாதமாக இவன் ஏன் டீ-சர்ட்டே போட்டுக்கொண்டு திரிந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வயசு திரும்புதோ என்று கிண்டல் வேறு செய்திருந்தாள்.

அவன் கிட்டே வந்து, லாரிகள் போகிற ரோட்டோரத்தில், மோவாயை உயர்த்திக்கொண்டு நின்றான்.

"போட்டு வுடுமே. பாத்துக்கினே நிக்கிற."