ஒரு கை குடுங்க

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கூடவே, நல்ல அம்மா என்றும் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. மேற்பார்வையாளர் பெரியநாயகி என்றால் ஆட்களை அரவணைத்துப் போகிறவள் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

ரங்கம்மாள் மூன்று வருஷத்துக்கு முன் வேலைக்கு வந்தாள். களமருதூர்க்காரி. அதுவரை நடவும் அறுப்பும்தான் அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து அறுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நெல்கட்டைத் தனியாக யாரும் தலைக்கு ஏற்ற மாட்டார்கள். "ஒரு கை குடுங்க" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். வரப்பில் போகிறவர் நிலத்துக்காரராகவே இருந்தாலும் நின்று தூக்கிவிட்டுத்தான் போவார். என் அப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வந்த முதல் வாரம் அவளுக்குக் கந்தசாமியைக் கொடுத்தோம். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட, கனத்த உடம்புக்காரர். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். ரங்கம்மாள் நடைக்கு வந்து, களத்துமேட்டுக் குரலில், "ஒரு கை குடுங்க!" என்று கூப்பிட்டாள். அன்றைக்கென்று பார்த்து ஒரு குடும்பம் தங்கள் அம்மாவைச் சேர்க்க இடம் பார்க்க வந்திருந்தது. எனக்கு மானம் போயிற்று.

"இன்னா ரங்கம்மா, இது இன்னா களத்துமேடா? நோயாளிங்க இருக்கிற எடத்துல இப்படியா கத்துவ?" என்றேன்.

"இனிமே கத்த மாட்டேங்க" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. தனியாகவே தூக்கினாள். 'தூக்கும்போது இருவர்' என்று சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான். அந்த எழுத்துக்குக் கீழேயே அவள் தனியாகத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு போனேன். போதாக்குறைக்கு மாதக் கூட்டத்தில் எல்லாரையும் நிற்க வைத்துப் புகழ்ந்தேன்.

"ரங்கம்மாவப் பாருங்க. ஒருத்தியே ரெண்டு ஆள் வேலை பாக்குறா. லீவும் கம்மி."

எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து கந்தசாமி அறைப்பக்கம் மற்றவர்கள் எட்டியும் பார்க்கவில்லை. சில மாதங்களில் ரங்கம்மாள் பழைய சேலைக் கிழிசலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். வேலைக்குத் தோதாகக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். வலிக்கிறதா என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை அந்த அறையில் தடாலென்று சத்தம் கேட்டு ஓடினேன். கந்தசாமி தரையில் விழவில்லை, அவள் மேல் விழுந்திருந்தார். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"பெரியவருக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "காலு எங்க கீதுன்னே தெரியலங்கம்மா" என்றாள்.

தண்டுவடம் நசுங்கிவிட்டது, இனி நடப்பது கஷ்டம் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடுப்பு ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை மதியம் செயலாளர் ஆதிமூலம் என்னை அழைத்து விபத்துப் பதிவேட்டை முன்னால் தள்ளினார்.

"வூட்ல கொடம் தூக்குறப்ப வுழுந்துட்டான்னு எழுதிடுங்கம்மா. இங்கன்னு எழுதுனா விசாரணை வரும். இல்லத்தயே மூடிடுவாங்க."

வீட்டில் விழுந்தாள் என்றால் அவளுக்கு எந்த நிவாரணமும் கிடையாது. காலும் போய், சோற்றுக்கும் வழியில்லாமல் கிடக்க வேண்டியதுதான். எனக்கு வந்த கோபத்தில் பேனாவைப் பிடுங்கி எழுதினேன்: 'இல்லத்தில், நோயாளியைத் தனியாகத் தூக்கியபோது. உதவிக்குக் குரல் கொடுக்கக் கூடாது என்று தடுத்தவள் நான்.' கையெழுத்தும் போட்டேன். ஆதிமூலம் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

"அந்தம்மா சொல்றதுதானே செல்லும்?"

அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

வார்டில் ரங்கம்மாள் மல்லாந்து கிடந்தாள். துணைக்கு ஆள் இல்லை.

"நடந்தத நடந்தபடி சொல்லு ரங்கம்மா. நான் சாட்சிக்கு நிக்கிறேன்."

அவள் சேலைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கட்டைவிரலில் ஊதா மை.

"செகரட்டரி ஐயா காலையிலயே வந்தாருங்க. வூட்ல வுழுந்தேன்னு ரேகை வெச்சிட்டேன். இல்லாங்காட்டி உங்க வேலை பூடும்னாரு."

"எனக்காவா வெச்ச? அடிப்பாவி!"

"அத்தினி பேரு முன்னால என்னிய ஒசத்தியா பேசுனவங்க வேற யாருங்கம்மா கீறாங்க?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் ரேகைக்கு முன்னால் என் கையெழுத்து இனி எடுபடாது.

அவளுக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை. மாற்றுவதற்காக அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியா தூக்காதீங்கம்மா. இடுப்பு பூடும். ஆளக் கூப்புடுங்க."

வார்டு நடுவில் நின்று, சின்ன வயதில் என் அப்பாவின் வயலில் நான் கேட்ட அந்தச் சத்தத்தைக் கொடுத்தேன்.

"ஒரு கை குடுங்க!"

நர்ஸ் வந்தாள். பக்கத்துக் கட்டில்காரி வந்தாள். பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.