மூணு சுழி

நாலாவது முறையாகக் கங்கையம்மாள் எழுந்தாள். "எழுந்துக்கினே இருந்தா எப்படி மா, உக்காரு" என்று மகன் டேனியல் தோளைப் பிடித்து அழுத்தினான். உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டிக்குள் இருந்த புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் 'அந்தோனி' என்றும், அதன் கீழே தோற்றம், மறைவு தேதிகளும் எழுதி, பெயிண்டர் சத்யராஜ் இப்போதுதான் கொண்டுவந்திருந்தான். நாலு மணிக்கு அடக்கம். வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சிலுவையை மண்ணில் ஊன்றிவிடுவார்கள். அதில் ஓர் எழுத்து தப்பு.

அந்தோணிக்குச் சாயப்பட்டறையில் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பை, போன வருஷம் நிரஞ்சனா டீச்சர் முதியோர் கல்வி வகுப்புக்கு வீடு வீடாக வந்து கூப்பிட்டபோது, ஐம்பத்தேழு வயதில் மறுபடி பிடித்துக்கொண்டார். சாயமேறிய விரலால் தன் பெயரை எழுதப் பழகியபோதுதான், ரேஷன் கார்டில் அதைத் தப்பாகப் போட்டிருப்பது தெரிந்தது. பெண்டாட்டியையும் வகுப்புக்கு இழுத்துப் போனார். அவள் நாலே நாளில் நின்றுவிட்டாள். இந்த வயதில் மண்டையில் ஏறாது என்றாள். விட்டாரா மனுஷன்? சாப்பிடும்போதெல்லாம் தரையில் தண்ணீர் தொட்டு எழுதிக் காட்டினார்.

"தலையில ரெண்டு சுழி இருந்தா ரெண்டு பொண்டாட்டின்றாங்க. கார்டுல என் பேர்லயே ரெண்டு சுழி 'ன' போட்டு வச்சிக்கிறான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், மூணு சுழி 'ண' போடக் கத்துக்க."

"அப்ப மூணு சுழின்னா மூணு பேரா?" என்பாள்.

அவர் பட்டறைக்குப் போனபின் அவளும் தரையில் எழுதிப் பார்ப்பாள். அதை அவரிடம் சொன்னதே இல்லை. நேற்றுக் காலைகூட, "திங்கக்கிழமை வர்றியா?" என்று கேட்டார். "ஆளை விடு" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் பட்டறையிலேயே மாரடைப்பு.

ஐந்தாவது முறை எழுந்தவள் நேராகச் சிலுவையிடம் போனாள்.

"பேர் தப்பா இருக்குது, டேனியல்."

"கார்டைப் பார்த்துத்தான் எழுதக் குடுத்தேன் மா. உனக்குத்தான் எழுத்தே தெரியாதே."

கூடியிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நிரஞ்சனா டீச்சர் முன்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கங்கையம்மாள் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவோடு நின்ற சத்யராஜிடம் கையை நீட்டினாள்.

"அந்த பிரஷ்ஷைக் குடுப்பா."

'னி'க்கு முன்னால் இருந்த இடுக்கில் ஒரு சுழியைச் சேர்த்தாள். கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் மூணு.

டேனியல் குனிந்து பார்த்தான்.

"மத்ததெல்லாம் சரியா இருக்குதா, படிச்சு சொல்லு மா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

"தோ... ற்... ற..."

தெருமுனையில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பொறு என்று டேனியல் கையைத் தூக்கிக் காட்டினான்.