பற்பசைக் குழாய்க் கொடி

பல் டாக்டருக்குத் தன் தளபதிமேல் உயிர். கட்டைவிரல் உயரப் பொம்மைதான், ஆனால் வர்ணம் பூசி முடிக்க மூன்று மாதம் பிடித்தது. குதிரைக் கண்ணுக்கு மட்டும் இரண்டே முடி வைத்த தூரிகை. காலிப் பற்பசைக் குழாயை வெட்டிச் செய்த கொடி, குதிரையின் வாலையும் தாண்டிப் பின்னால் பறக்கும்.

ஞாயிறு மதியம் பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு; சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். எதிரணி மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். யாருடைய தளபதி விழுகிறானோ, அவன் ஜெயித்தவருடைய கண்ணாடி அலமாரிக்குப் போய்விட வேண்டும். போனவன் போனவன்தான்.

அன்று டாக்டரின் ஈட்டிக்காரர்கள் மச்சானின் பீரங்கிமேல் பாய்ந்தார்கள். பாய்ச்சல் அரை விரல் குறைந்துவிட்டது.

"தொட்டாச்சு!" என்றார் டாக்டர்.

"எங்க அத்தான் தொட்டுச்சு? அடித்தட்டு ரெண்டுக்கும் நடுவுல அரை விரல் இருக்கே."

"ஈட்டி பட்டிருக்கு, கண்ணைத் திறந்து பாரு."

விதிப் புத்தகத்தில் 'இரு படைகள் தொட்டுக்கொண்டால் சண்டை' என்று மட்டும் இருந்தது. எது எதைத் தொட வேண்டும் என்பதைச் சொல்லாமல் எழுதியவர் நைசாக நழுவியிருந்தார். மூன்று வருடமாக, பொம்மை ஒட்டி நிற்கும் அடித்தட்டைத்தான் பார்த்து வந்தார்கள். அது வெறும் பழக்கம், எழுத்தில் இல்லை என்று டாக்டர் ஒரே பிடியாக நின்றார். "தட்டை வெச்சு எவனாவது குத்துவானா?"

சோபாவிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏதோ ஒண்ணை எழுதித் தொலைங்க. எனக்குத் துணி தேய்க்க மேசை வேணும்."

தகராறு வந்தால் தீர்ப்பைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு சாதுவாக இறங்கி வந்தான். அதிலேயே டாக்டர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, எழுதுங்க அத்தான். ஆனா ஈட்டின்னு மட்டும் போட்டா நாளைக்கு வாளுக்கு சண்டை, மறுநாள் வில்லுக்கு சண்டை. மொத்தமா எழுதிடுங்களேன்."

ஆசை யாரை விட்டது? 'பொம்மையின் எந்தப் பகுதி பட்டாலும் தொட்டதே' என்று எழுதி, டாக்டர் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். மச்சானும் போட்டான். பீரங்கி காலி.

அடுத்தது மச்சானின் முறை. அவனுடைய வாள்வீரர்கள் தளபதியின் முன்னால் வரவில்லை, பின்பக்கமாகச் சுற்றி வந்தார்கள். அடித்தட்டுக்கு இரண்டு விரல் தள்ளியே நின்றார்கள். நிமிர்ந்த வாள் ஒன்று மட்டும் கொடி நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தொட்டாச்சு அத்தான்."

"டேய், அது கொடிடா! கொடி எங்கயாவது சண்டை போடுமா?"

மனைவி எழுந்து வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். டாக்டரின் கையெழுத்தை உலகத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் மருந்துக்கடைக்காரரும். "எந்தப் பகுதி பட்டாலும்," என்று நிறுத்தி நிதானமாகப் படித்தாள். தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்றும் சொல்ல வழியில்லை.

பகடை உருண்டது. தளபதி விழுந்தான். டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. பிடுங்கிய பல்லைச் சுற்றுவதுபோலப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். கொடுத்த கையோடு பேனாவை எடுத்தார்.

"இனிமே கொடி கணக்குல வராதுன்னு எழுதறேன். கையெழுத்துப் போடு."

"போடறேன் அத்தான், எங்க போயிடப் போறேன்?" மச்சான் பஞ்சுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். "முதல்ல அடுத்த தளபதியைச் செஞ்சு முடிங்க. கொடி மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."