நடு அடைப்புக்கு முன்னால்

நான் போய்ச் சேர்ந்தபோது என் நாற்காலியில் வக்கீல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பஸ் வராமல் ஒரு மணி நேரம் கழுத்தறுத்துவிட்டது. ஸ்கேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு பென்சில்களை ஒன்றையொன்று தொடாமல் காற்றில் பிடித்தபடி கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அளவுகோல் வைக்காமல் நேர்கோடு போடுவான் என்பதால் வகுப்பே வைத்த பெயர் ஸ்கேல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவள் வக்கீல். போன வருடம் அவன் முதல் பெஞ்சுக்கு மாறினான். பிறகு போர்டை விட்டுவிட்டு எங்கள் நோட்டைப் பார்த்து எழுதினான். இந்த மழைக்காலம் முடிவதற்குள் நோட்டும் போய்விட்டது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

நாளை மறுநாள் கணக்குப் பரீட்சை. அவனுக்காக எழுத ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருவாள். இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்கள் எழுதக்கூடாது என்பது விதி. "இந்த வருஷம் வேண்டாம்ப்பா, கொஞ்சம் பழகிட்டு எழுதிக்கலாம்" என்று அவன் அம்மா எவ்வளவோ கெஞ்சினார். அவன் ஒரே வரியில் மடக்கினான். "நெட்டைகிட்ட சொல்லி எழுதின இருபத்தெட்டு கணக்கும் சரிம்மா."

நெட்டை நான்தான்.

கணக்கு இதுதான்: ஒரே தளத்தில் அமையாத இரண்டு கோடுகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் என்ன?

"முப்பத்தாறு பை ஒன்பது. விடை நாலு" என்றான். முழு எண் வந்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

வக்கீல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "நாலு இல்லடா. நாலு பை மூணு."

"தப்பா எழுதியிருப்ப. வாசி."

வாசித்தாள். மூன்று அடைப்புகள் வந்தன. நடு அடைப்புக்கு முன்னால் வரவேண்டிய மைனஸ் வரவில்லை.

"நடுவுல மைனஸ் எங்க?"

"நீ சொல்லல."

"சொல்லியிருப்பேன்."

"கூண்டுல ஏறி சத்தியம் பண்ணட்டுமா? அந்தப் பொண்ணு எழுதுற மாதிரி, சொன்னதை மட்டும் எழுதுன்னு நீதானே சொன்ன."

"நெட்டை எழுதும்போது ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லையே."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பார்வை இருந்த நாளில் மூன்று அடைப்புகளையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, அப்புறம் திரும்பிப் போய் நடு அடைப்புக்கு முன்னால் அந்தச் சின்னக் கோட்டைப் போடுவது அவன் வழக்கம். கைக்குத் தெரிந்த வேலை அது, வாய்க்குத் தெரியாது. முதல் தடவை அவன் சொல்லாமல் விட்டபோது நானே போட்டேன். ஒரு கோடுதானே என்று இருந்தது. இரண்டாம் தடவையும் போட்டேன். பிறகு அவன் விடுவான் என்று காத்திருக்கக்கூட இல்லை. வாசிக்கச் சொன்னால் அதையும் சேர்த்தே வாசித்தேன். "அந்த மைனஸை நான்தான்டா போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"எத்தனை கணக்குல?" என்றான், என் பக்கம் திரும்பாமல்.

"வெக்டர் பெருக்கல் வந்த எல்லாத்துலயும்."

"வேற?"

"அங்கங்க. சின்னச் சின்னதா."

"நோட்டை எடு. நான் சொன்னது எது, நீ போட்டது எதுன்னு பாத்துச் சொல்லு."

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து, எல்லாம் ஒரே நீலம்.

"தெரியலடா."

"அப்ப நான் சொன்னது எங்கயுமே இல்ல" என்றான்.

சமையலறை வாசலில் அவன் அம்மா மூன்று டம்ளர் டீயோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவன் பென்சில்களைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினான். வக்கீல் தன் மைப்பேனாவைக் கொடுத்தாள். இடது உள்ளங்கையால் தாளைத் தடவி, ஓரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு கோடு இழுத்தான். பாதி தாள் வரை பழைய ஸ்கேல்தான். அதற்கப்புறம் கோடு சாய்ந்தது, தாளை விட்டு இறங்கியது, மேஜைப் பலகையில் ஒரு சாண் ஓடி நின்றது.

"நேரா இருக்கா?"

அவன் அம்மா என்னைப் பார்த்து, ஆமென்று சொல்லும்படி தலையை அசைத்தார்.

"பாதி வரைக்கும் நேரா இருக்கு" என்றேன். "அப்புறம் சாஞ்சிடுச்சு. தாளையும் தாண்டிடுச்சு."

அவன் பேனாவைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"கீழ."

தலையாட்டினான். பேனா முனை நின்ற இடத்தில், பலகையில், ஒரு நீலப் பொட்டு மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.